கட்டாயம்: ஆம்

இரவு பதினொன்றரைக்கு
பெருந்துறை ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில்
ஆளில்லாத ஏலம் தொடங்கும்.

விற்பவர்: சோதனை ஒன்று, சிவகிரி.
வாங்குபவர்: சோதனை இரண்டு, கொடுமுடி.
சரக்கு: விரலி மஞ்சள், பதினெட்டு மூட்டை.
இருவருக்கும் கைபேசி எண் பத்து ஒன்பது.
மழை நனைக்காத, வண்டு துளைக்காத
அந்தப் பதினெட்டு மூட்டையை
நாலு மாதமாக
ராத்திரிக்கு இருநூறு தரம் விற்கிறேன்.

என் உலாவிக்குத் தலை கிடையாது.
திரை இல்லாமலே பக்கத்தைத் திறக்கும்,
கட்டங்களை நிரப்பும், சொடுக்கும்.
பக்கத்து மேசை மோகனப்பிரியா
அதை முண்டம் என்பாள்.
வைகிறாளா, விவரிக்கிறாளா, தெரியாது.

காத்திரு என்று எழுதினால் காத்திருக்கும்.
விலை எழுது: பதிமூவாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
விற்பவராக மாறு.
‘சம்மதம்’ பட்டன் வந்ததும் அழுத்து.
‘உங்கள் சரக்கு விற்பனையானது’
அந்த வரி தெரிகிறதா பார்.
தெரிந்தால் பச்சை.

தை பிறக்க இரண்டு நாள். வெள்ளிக்கிழமை.
சென்னிமலைக்குக் கடைசி பஸ் ஒன்பது நாற்பது.
ஒன்பது இருபதுக்கு ஒரு சிவப்பு:
‘சம்மதம் இருக்கிறது.
அதன்மேல் வேறேதோ கிடக்கிறது.
அழுத்த முடியவில்லை.’

வேறேதோ என்ன என்று பார்க்க
இன்னும் அரைமணி வேண்டும்.
அந்த வரியின் வாலில் ஒரு சொல் சேர்த்தேன்.
கட்டாயம்: ஆம்.
மேலே எது கிடந்தாலும் துளைத்துக்கொண்டு போய் அழுத்தும்.
பச்சை.
பஸ்ஸில் ஜன்னல் சீட்டுகூடக் கிடைத்தது.

பொங்கல் கழிந்து
அறச்சலூரிலிருந்து பொங்கியண்ணன் கூப்பிட்டார்.
உதவி எண்ணில் ஆள் இல்லாததால்
எனக்கு மாற்றிவிட்டார்கள்.

“ஏனுங் அம்மணி,
சம்மதம்னு ஒரு பட்டன் இருக்குதுங்க.
அதுக்கு மேல நீலமா ஒரு பட்டை
உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க.
அமுத்தி அமுத்தி வெரலு நொந்து போச்சுங்க.
அதுக்குள்ள நாலு மணி தாண்டிப் போச்சுங்களே.”

நாலு மணிக்குள் சம்மதிக்காவிட்டால்
சரக்கு திரும்பவும் குடோனுக்கு.
முப்பத்தோரு மூட்டை.
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வாடகை.
அவர் எதையும் கணக்குச் சொல்லவில்லை.
பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தார்:
“இனிய... பொங்கல்... நல்வாழ்த்துகள்ங்க.”

பதிவுகளைப் புரட்டினேன்.
அந்த நாட்களில் மட்டும்
சம்மதம் ஆயிரத்து இருநூறு முறை.
அத்தனையும் கட்டாயத்தின் பேரில்.
பக்கத்தில் ஒரு வாழ்த்து தொங்கியது
முண்டத்துக்கு எப்படித் தெரியும்?
தலை இருந்த எனக்கு
பஸ் மட்டும்தான் தெரிந்தது.

இன்னொன்றும் கண்டேன்.
நான் அதற்குக் கொடுத்திருந்த சன்னல்
குடோன் கதவு அகலம்.
அவர் கைபேசியோ
மூலையில் கீறல் விழுந்த
முந்நூற்று அறுபது புள்ளி.

அந்தச் சொல்லை அழித்தேன்.
சன்னலை உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கினேன்.
ஓடவிட்டேன்.

சிவப்பு.
‘அதன்மேல் வேறேதோ கிடக்கிறது.
அழுத்த முடியவில்லை.’
பொங்கியண்ணன் சொன்னது அப்படியே.
‘ங்க’ மட்டும்தான் இல்லை.

காலையில் மேலாளர் கேட்டார்,
நேற்றுவரை பச்சையாக இருந்ததை
யார் கெடுத்தது என்று.
நானுங்க, என்றேன்.
வாழ்த்தை எடுக்க
டிசைனருக்கு நாலு நிமிடம் ஆயிற்று,
முதலாளியிடம் அனுமதி வாங்க
நாலு நாள்.
அந்த நாலு நாளும் சிவப்பை அப்படியே விட்டேன்.

இப்போது ஏலத்தில் மூன்றாவது ஆள் இருக்கிறார்.
சோதனை மூன்று, அறச்சலூர்.
முப்பத்தோரு மூட்டை, சின்னத் திரை, மெதுவான சிக்னல்.
தினமும் மூன்று ஐம்பத்தெட்டுக்குத்தான்
சம்மதம் தேடி வருவார்.

ஏற்றுக்கூலி யார் கணக்கில் என்று கேட்க
ஒரு சோதனை எழுதிப் பார்த்தேன்.
அதை ஒப்பிட
பக்கத்தில் எந்தக் கட்டமும் இல்லை.
காத்திரு என்று போட்டு வைத்திருக்கிறேன்.
நொடி எத்தனை என்று
இன்னும் எழுதவில்லை.